முதலில் பாஸ்போர்ட்டைக் காட்டுங்கள்

என் மேசைக்கு வந்து உட்காருகிறவர்கள் முதலில் கல்யாணப் படத்தைத்தான் எடுத்து வைப்பார்கள். மாலையும் கழுத்துமாக இருவரும் நிற்கும் படம், கோயில் ரசீது. சிலர் தாலி வாங்கிய கடைப் பில்லைக்கூடப் பத்திரமாக வைத்திருப்பார்கள். "ஊரறியக் கட்டுனதுங்க ஐயா, தோட்டமே சாட்சி" என்பார்கள். நான் படத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பொண்ணோட பாஸ்போர்ட்டக் காட்டுங்க" என்பேன். பேச்சு அங்கே நின்றுவிடும். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். அந்தப் பார்வையிலேயே எனக்குப் பாதி விவரம் தெரிந்துவிடும்.

மலேசியாவில் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது தானா ராத்தா கடைவீதியில் ஒரு போட்டோஸ்டாட் கடையின் முன் நடையான அஞ்சடியில் மேசை போட்டிருக்கிறேன். பாரம் நிரப்புவது, மனு எழுதுவது, சத்தியப்பிரமாணத் தாளைத் தட்டச்சு செய்து ஆணையரிடம் அனுப்பிவைப்பது, இவைதான் வேலை. நான் வக்கீல் அல்ல. எந்த இடத்தில் வக்கீலிடம் போக வேண்டும் என்று சொல்லத் தெரிந்திருந்தால் இந்தத் தொழிலில் பாதி தெரிந்த மாதிரி.

தொழிலைக் கற்றுக்கொண்டது கல்யாணக் கேஸ்களில் அல்ல, கிழவிகளின் சிவப்பு ஐசியில், அதாவது குடியுரிமை இல்லாத நிரந்தரவாசியின் அடையாள அட்டையில். 1957 ஆகஸ்ட் 31 முதல், 1962 அக்டோபருக்கு முன், இந்த மண்ணில் பிறந்த எந்தப் பிள்ளையும் பிறப்பாலேயே குடிமகன். அதற்குச் சில மாதங்கள் முந்திப் பிறந்துவிட்ட தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அது தானாக வரவில்லை, விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. விண்ணப்பிக்கச் சொல்லித்தர லயத்தில் யார் இருந்தார்கள்? ரஜூலா கப்பலில் வந்து பினாங்கில் இறங்கியவர்களிடம் யாரும் அப்போது குடியுரிமை பற்றிப் பேசவில்லை. 1953இல் குடிநுழைவுச் சட்டம் வாசலை இறுக்கியபோது உள்ளே இருந்தவர்களுக்கு அது தங்கள் காரியமாகவே தோன்றவில்லை. 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் வேண்டும் என்று வந்தபோதுதான் சிவப்பு ஐசியின் அர்த்தம் புரிந்தது. பத்தாயிரக்கணக்கான தோட்டத் தமிழர்கள் அந்த ஒன்றிரண்டு வருடங்களில் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். தங்கிவிட்டவர்கள் சிவப்பு ஐசியோடு கொழுந்து கிள்ளிக்கொண்டே இருந்தார்கள். 2011இல் 'மைடஃப்தார்' என்று அரசாங்கம் பதிவு இயக்கம் நடத்தியபோது, இங்கேயே பிறந்து இங்கேயே பேரன் பேத்தி எடுத்த பெண்கள் காகிதப் பையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றார்கள்.

அந்தக் காகிதங்களில் கிராணிமார்கள் விளையாடிய விளையாட்டு தனிக்கதை. எனக்கு முன்னால் இருந்தவர்கள் காதில் விழுந்தபடி பெயரை எழுதினார்கள். ஒரே பெண் தோட்டத்துச் சம்பளப் பதிவான செக்ரோலில் ஒரு லெட்சுமி, பிறப்புப் பத்திரத்தில் வேறொரு லெட்சுமி, ஐசியில் மூன்றாவது லெட்சுமி. மூன்றும் ஒருத்தியே என்று சத்தியம் செய்யும் தாளை எத்தனை தட்டியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. 2001இல் மைகாட் என்ற புது அடையாள அட்டை வந்தபோது கைரேகையும் சேர்ந்து வந்தது. கொழுந்து கிள்ளிய பெண்களின் விரல் நுனியைப் பார்த்திருக்கிறீர்களா? கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சாயம் ஏறிக் கறுத்து, ரேகை தேய்ந்து வழவழவென்று இருக்கும். கருவியில் வைத்தால் 'மீண்டும் முயலவும்' என்றே வரும். வெந்நீரில் கழுவிப் பார்ப்போம், ஈரத்துணியில் ஒற்றிப் பார்ப்போம், வேறு விரலைக் கொடுத்துப் பார்ப்போம். நாற்பது வருடம் இந்த மலையில் உழைத்ததற்கு அதைவிட நல்ல அத்தாட்சி கிடையாது. ஆனால் கருவிக்கு அது புரியாது.

இப்போது காலையில் ஆள் கூடும் பெரட்டுக் களம் மாறிவிட்டது. ரஸ்ஸல் என்பவர் 1929இல் தொடங்கிய போ தோட்டமானாலும், 1933இலிருந்து இருக்கும் பாரத் தோட்டமானாலும், கொழுந்து வெட்டுகிறவர்களில் வங்காளதேசத்தார், நேபாளிகள், இந்தோனேசியர்களே அதிகம். நம் பிள்ளைகள் லாரி ஓட்டுகிறார்கள், பேக்டரியில் இருக்கிறார்கள், பலர் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இறங்கிவிட்டார்கள். சுற்றிலும் பெர்தாம் பள்ளத்தாக்கிலும் கம்போங் ராஜாவிலும் காய்கறித் தோட்டங்கள். பெர்மிட் உள்ளவர்களும் இருக்கிறார்கள், 'கோசோங்' என்று சொல்லும் தாளில்லாத ஆட்களும் இருக்கிறார்கள். ஒரே மழை, ஒரே சந்தை, ஒரே பஸ். மனம் கலப்பதற்கு இலாகாவின் அனுமதியா வேண்டும்?

கல்யாணத்துக்கு வேண்டும். இதைத்தான் யாரும் நம்ப மறுக்கிறார்கள்.

1982 மார்ச் 1 முதல் முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணம் எல்லாம் 164ஆம் சட்டத்தின் கீழ் பதிவாக வேண்டும். அதற்கு முன் கோயிலில் தாலி கட்டினாலே சட்டப்படி மனைவி. அதற்குப் பின் பதிவிலாகாவின் தாள் இல்லாமல் தாலி மட்டும் இருந்தால் சட்டத்தின் கண்ணில் கல்யாணமே நடக்கவில்லை. வெளிநாட்டுப் பெண் என்றால் பதிவிலாகா அவளுடைய செல்லுபடியாகும் பாஸ்போர்ட்டைக் கேட்கும், அதில் செல்லுபடியாகும் பாஸைக் கேட்கும், மணமாகாதவள் என்று அவள் நாட்டுத் தூதரகம் தந்த கடிதத்தைக் கேட்கும். படகில் வந்தவளிடம் மூன்றும் இருக்காது. வேலை பெர்மிட்டோடு முறையாக வந்தவளுக்கும் விடுதலை இல்லை: பெர்மிட்டில் இருக்கும்வரை இங்கே கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது என்பது அந்தப் பெர்மிட்டின் நிபந்தனை. பெண் முஸ்லிமாக இருந்தால் 164ஆம் சட்டமே பொருந்தாது. மாப்பிள்ளை மதம் மாற வேண்டும், பிறகு ஷரியா இலாகா. அந்தக் கேஸ்களை நான் தொடுவதில்லை.

அத்துடன் குடிநுழைவுச் சட்டம். பாஸ் முடிந்தும் தங்கிவிட்டால் அது 15ஆம் பிரிவு. நுழைவு முத்திரையான சாப்பே இல்லாமல் நுழைந்தால் 6ஆம் பிரிவு: 10,000 ரிங்கிட் வரை அபராதம், ஐந்து வருடம் வரை சிறை, ஆணாக இருந்தால் ஆறு பிரம்படி வரை. தாளில்லாதவரை வீட்டில் தங்கவைத்தவருக்குத் தனிப் பிரிவு இருக்கிறது, 55இ. சொந்தப் பெண்டாட்டியை வீட்டில் வைத்திருப்பவனுக்கும் அது பொருந்துமா என்று கேட்டு ஒரு பையன் என் மேசையிலேயே அழுதிருக்கிறான். தாலி மட்டும் கட்டியிருந்தால், சட்டம் அவளைப் பெண்டாட்டி என்று ஒப்புக்கொள்ளவில்லையே!

ஒரு குடும்பத்தின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.

அவன் கொழுந்து லாரி டிரைவர். அவள் ஃபுளோரஸ் தீவிலிருந்து வந்தவள், கத்தோலிக்கப் பெண். ஆள் கடத்தும் படகோட்டியான தெக்கோங்கிடம் காசு கொடுத்து சுமத்ராவிலிருந்து இரவுப் படகில் வந்து, ஒரு கரையில் இறங்கி, வேனில் ஏறி, விடிவதற்குள் மலைக்கு வந்துவிட்டாள். பாஸ்போர்ட் முதலில் இருந்தது, படகிலேயே வாங்கிக்கொண்டார்கள். காய்கறித் தோட்டத்தில் தக்காளி தரம் பிரித்துக்கொண்டிருந்தவளை இவன் சந்தித்தான். மாரியம்மன் கோயிலில் தாலி கட்டினான். 2016இல் ஒரு பையன் பிறந்தான். சோதனை என்று போன் வந்தால் அவள் குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டுத் தேயிலைச் செடிகளுக்கு நடுவே போய் உட்கார்ந்துவிடுவாள். செடி இடுப்பளவுதான். நிமிராமல் உட்கார வேண்டும், லாரி போன பிறகுதான் எழ வேண்டும்.

2019இல் மூவரும் என்னிடம் வந்தார்கள். நான்காவதாக மாமியார். அந்தம்மாவே சிவப்பு ஐசிக்காரி. நான் பேசுவதையெல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னார்: "இங்க பொறந்த எனக்கே இன்னும் செவப்பு. படகுல வந்தவளுக்கு நீங்க எப்படிக் கிராணி ஐயா வாங்கித் தருவீங்க?" எனக்குச் சிரிப்பு வந்தது, மருமகளுக்குத் தமிழ் அவ்வளவாகப் புரியாததால் அவளும் சிரித்தாள்.

அதற்குள் ஓர் ஏஜெண்டு அவர்களிடம் பேசியிருந்தான். பெயர் வேண்டாம். "கல்யாண பாஸ் எடுத்துத் தர்றேன், நாட்டை விட்டுப் போக வேணாம்" என்று சொல்லி, ஐயாயிரம் ரிங்கிட் முன்பணம் கேட்டிருக்கிறான். நான் சொன்னது அதற்கு நேர் எதிர்: இவள் வெளியே போனால்தான் உள்ளே வர முடியும். துணைவருக்கான நீண்டகால சமூக வருகை பாஸ் என்று ஒன்று உண்டு. கணவன் ஜாமீன் நிற்க வேண்டும், கூடவே வர வேண்டும், பத்திரம் கையெழுத்திட வேண்டும். ஆனால் அந்த விண்ணப்பத்தின் முதல் இணைப்பே பாஸ்போர்ட்டும் நுழைந்த சாப்பும்தான். அந்தச் சாப்பை உள்ளே இருந்துகொண்டு யாராலும் வாங்கித் தர முடியாது. வாங்கித் தருகிறேன் என்பவன் போலிச் சாப்பு குத்துவான். அது பிடிபட்டால் கேஸ் இன்னும் கனமாகும்.

அப்போது 'பேக் ஃபார் குட்' என்ற பொதுமன்னிப்புத் திட்டம் நடந்துகொண்டிருந்தது, 2019 ஆகஸ்ட் 1 முதல் டிசம்பர் 31 வரை. 700 ரிங்கிட் தண்டம் கட்டி, ஊருக்கு டிக்கெட் காட்டினால் வழக்கில்லாமல் போகலாம். இடைத்தரகர் கிடையாது, நேரே கவுண்டர்தான். இந்தத் திட்டத்தையும், அதற்கு முன்னும் பின்னும் வெவ்வேறு பெயரில் வந்த திட்டங்களையும், தங்கவைக்கும் மன்னிப்பு என்று பலர் தப்பாக எண்ணுகிறார்கள். முதலாளி இருந்தால் வேலை பெர்மிட்டாக மாற்றித் தந்த திட்டங்கள் உண்டு. மனைவி என்பதற்காகத் தங்கவைத்த திட்டம் எதையும் நான் பார்த்ததில்லை.

இந்தோனேசியத் தூதரகத்தில் ஒருவழிப் பயணத்தாள் வாங்கினோம், எஸ்பிஎல்பி என்பார்கள். டிசம்பரில் கவுண்டர்களில் கூட்டம் இரவே வந்து படுத்துக்கிடந்தது. அவள் வரிசையில் நின்றாள், தண்டம் கட்டினாள், போனாள். பையனை அழைத்துப் போக வழியில்லை. அவனுக்கு எந்த நாட்டுப் பயணத்தாளும் இல்லை. மாமியாரிடம் விட்டுவிட்டுப் போனாள். திட்டம் இப்படி: அவள் ஊரில் புது பாஸ்போர்ட் எடுப்பாள், 2020 ஏப்ரலில் இவன் ஃபுளோரஸ் போய்ப் பங்குத் தேவாலயத்தில் மணம் முடித்து, அவ்வூர்ப் பதிவகத்திலும் பதிந்து, அழைத்து வருவான்.

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது, எல்லை மூடியது. திறந்தது 2022 ஏப்ரல் 1. அந்த இரண்டு வருடமும் அந்தப் பையன் தாயை வாட்ஸ்அப்பில்தான் பார்த்தான். அவள் பேசியது இந்தோனேசிய மொழி, அவனுக்கு வந்தது பாட்டியின் தமிழ். நடுவில் தகப்பன் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தான். நான் சொன்ன வழி சட்டப்படி சரியான வழிதான், வேறு வழியும் இல்லை. ஆனாலும் அந்த நாட்களில் லாரியை நிறுத்திவிட்டு அவன் என் மேசை முன் வந்து நிற்கும்போது என்னால் நிமிர்ந்து பார்க்க முடியாது.

எல்லை திறந்ததும் போனான், மணம் முடித்தான். வெளிநாட்டில் மணம் முடித்த மலேசியர் ஆறு மாதத்துக்குள் அதை நம் பதிவில் ஏற்ற வேண்டும். அதைச் செய்தோம். பழைய பதிவில் அவள் பெயருக்குத் தடை இருக்கிறதா என்று கேட்டு, கணவன் பெயரில் மனு எழுதினோம். மனுவில் அழுகை எழுதக் கூடாது என்பது என் கொள்கை. தேதி, தண்டம் கட்டிய ரசீது எண், பிள்ளையின் பிறப்புப் பத்திர எண், அவ்வளவுதான். அதிகாரிக்கு வேண்டியது அதுதான். அவள் விமானத்தில் வந்து இறங்கி, முதன்முறையாக ஒரு சாப்பு வாங்கினாள். நேர்காணலில் இருவரையும் கேட்டார்கள்: எங்கே சந்தித்தீர்கள், மாமியார் பெயர் என்ன, வீட்டில் எத்தனை அறை. மாமியார் பெயரை அவள் சரியாகச் சொன்னாள். ஐசியில் இருந்த எழுத்துதான் வேறாக இருந்தது. மறுபடி ஒரு சத்தியத் தாள்.

இனி அவள் பாதை நீளமானது. பாஸைப் புதுப்பித்துக்கொண்டே போக வேண்டும். ஐந்து வருடம் ஆனபின் நிரந்தரவாசத்துக்கு மனு செய்யலாம், கிடைத்தால் சிவப்பு ஐசி. அரசியலமைப்பின் 15ஆம் விதி குடிமகனின் மனைவிக்குக் குடியுரிமை கேட்கும் உரிமை தருகிறது. இரண்டு வருட வாசமும் நன்னடத்தையும் வேண்டும் என்கிறது. நடைமுறையில் நிரந்தரவாசம் கிடைத்தபின் இரண்டு வருடம் என்று எண்ணுகிறார்கள். ஆனால் அந்த விதியில் 'மனைவி' மட்டுமே இருக்கிறாள். நம் பெண் ஒருத்தி வெளிநாட்டான் ஒருவனை மணந்தால் அவனுக்கு இந்த வழி இல்லை. 2024 அக்டோபரில் மக்களவை குடியுரிமைப் பிரிவுகளைத் திருத்தி, வெளிநாட்டில் பிள்ளை பெறும் தாய்மாருக்குச் சம உரிமை தந்தபோதும் கணவர்களுக்கு வாசல் திறக்கவில்லை.

பையன் விஷயம்தான் இன்னும் முடியவில்லை. இங்கே பிறந்தவன், தகப்பன் குடிமகன். ஆனால் பெற்றோர் சட்டப்படி மணமாகாதபோது பிறந்த பிள்ளைக்குத் தகப்பனுக்குப் பதில் தாயைத்தான் பார்க்க வேண்டும் என்று அரசியலமைப்பின் இரண்டாம் அட்டவணை சொல்கிறது. பின்னால் மணம் முடித்தால் பிள்ளை முறைப்படியான பிள்ளை ஆவான், அதற்கு 1961ஆம் வருடச் சட்டம் இருக்கிறது. குடியுரிமை அதோடு வராது. 2021 மே மாதம் கூட்டரசு நீதிமன்றம் இதே மாதிரி ஒரு கேஸில், பிலிப்பைன்ஸில் பிறந்து ஐந்து மாதம் கழித்துப் பெற்றோர் மணம் முடித்த பிள்ளையின் கேஸில், நான்குக்கு மூன்று என்று பிள்ளைக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. மூன்று நீதிபதிகள் பிள்ளையின் பக்கம் நின்றார்கள் என்பதை நான் குடும்பங்களிடம் சொல்வதுண்டு. ஆறுதலுக்காக அல்ல, இந்தச் சட்டத்தை வேறு மாதிரியும் படிக்கலாம் என்று காட்டுவதற்காக. மீதியிருப்பது 15ஏ விதி: விசேஷ சூழ்நிலையில் பிள்ளையைக் குடிமகனாகப் பதியும் அதிகாரம் அரசாங்கத்துக்கு உண்டு. மனு போட்டாயிற்று, காத்திருக்கிறார்கள். சட்டப்படி பையன் தாயின் நாட்டவன் என்று நான் சொன்னபோது தகப்பன் கேட்டான்: "இவன் எந்த நாட்டுப் பாட்டுப் பாடுறான்னு ஸ்கூல்ல வந்து கேளுங்க ஐயா."

இது மலேசியாவின் கொடுமை மட்டும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் 1996இல் வந்த சட்டப்படி, அனுமதியில்லாமல் ஒரு வருடத்துக்கு மேல் இருந்துவிட்டு வெளியேறினால் பத்து வருடம் திரும்ப முடியாது. அங்கேயும் சோதனையில்லாமல் எல்லை தாண்டி வந்தவர், அமெரிக்கரை மணந்தாலும் பொதுவாக வெளியே போய்த்தான் விசா வாங்க வேண்டும். போனால் அந்தப் பத்து வருடம் குறுக்கே நிற்கும், விலக்குக்குத் தனி மனு. 2024 ஆகஸ்டில் பைடன் அரசு துணைவர்களை உள்ளேயே வைத்து முடிக்க ஒரு திட்டம் கொண்டுவந்தது. நவம்பரில் டெக்சஸ் நீதிமன்றம் ஒன்று அதை ரத்து செய்துவிட்டது. இந்தியாவில் 2003ஆம் வருடத் திருத்தத்துக்குப் பிறகு 'சட்டவிரோதக் குடியேறி' என்று வகைப்பட்டவர் இந்தியரை மணந்தாலும் பதிவு மூலம் குடியுரிமை கேட்க முடியாது. படகில் வந்து தமிழ்நாட்டு முகாம்களில் வளர்ந்த இலங்கைத் தமிழ்ப் பெண்களைக் கேட்டால் சொல்வார்கள்.

என் அபிப்பிராயம் இது. வெளியே போய் வா என்று சொல்வதில் நியாயம் இருக்கலாம், எல்லை என்று ஒன்று இருக்கிறது. ஆனால் தண்டத்தை இங்கேயே கட்டவைத்து, பிள்ளை உள்ள குடும்பத்தை விசாரித்து, உண்மை என்று தெரிந்தால் இங்கிருந்தே பாஸ் தருவதால் எந்த எல்லையும் இடிந்துவிடாது. 700 ரிங்கிட் வாங்கத் தெரிந்த கவுண்டருக்கு அதுவும் தெரியும். போலிக் கல்யாணம் பெருகும் என்பார்கள். போலிக் கல்யாணக்காரர்கள் என்னிடமும் வருகிறார்கள், காசு வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடும் பெண்களையும் பார்த்திருக்கிறேன், திருப்பி அனுப்பியிருக்கிறேன். அவர்களிடம் எல்லாத் தாளும் ஒழுங்காக இருக்கும். தாளில்லாமல் தவிப்பவை உண்மையான குடும்பங்கள்தான்.

சட்டம் மாறும்வரை நான் சொல்வதைக் கேளுங்கள். தாலிக்கு நாள் குறிக்குமுன் பெண்ணின், அல்லது மாப்பிள்ளையின், பாஸ்போர்ட்டைக் கொண்டுபோய்ப் பதிவிலாகாவில் காட்டுங்கள். பதிவு செய்தபின் பிள்ளை பெறுங்கள். பிள்ளை முந்திவிட்டால், தாய்க்குத் தாளில்லை என்று பயந்து பிறப்புப் பதிவைத் தள்ளிப்போடாதீர்கள்; 60 நாள் தாண்டினால் அது தனிக் கேஸ். 15ஏ மனுவுக்கு 21 வயது வரை நேரம் இருக்கிறதென்று உட்கார்ந்திருக்காதீர்கள், 2024 திருத்தம் அதை 18ஆகக் குறைக்கிறது. ஏஜெண்டுக்குக் கொடுக்கும் முன்பணத்தில் ஒரு வக்கீலைப் பார்க்கலாம். வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையம் இருக்கிறது, நாடற்றோர் விஷயத்தில் பல வருடமாக வேலை செய்யும் டிஎச்ஆர்ஆர்ஏ மலேசியா இருக்கிறது. எங்கே போனாலும் பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தின் மூலத்தைக் கையில் எடுத்துப் போங்கள். நகலை வைத்துக்கொண்டு யாராலும் எதையும் தொடங்க முடியாது.